யாரும் போடாத டேட்டாபேஸ்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என்னை நிமிர வைத்தது.

“அண்ணே, யாரும் போடாத டேட்டாபேஸ் ஒண்ணு நான் கம்ப்யூட்டர் பாக்குற ஆஸ்பத்திரி சர்வர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு. எவனோ உள்ள புகுந்துட்டான்னு பயந்து நிறுத்திட்டேன். காலைல இருந்து ஒருத்தராலயும் லாகின் பண்ண முடியல.”

“அது விண்டோஸே தன் வேலைக்குன்னு உள்ள வச்சிருக்கதும்மா. லாகின் வெவரமெல்லாம் அதுலதான் கெடக்கும். அழிச்சிட்டியா?”

“இல்லண்ணே, நிறுத்தினதோட சரி.”

“அப்பத் திரும்ப ஓடவிடச் சொல்லு.”

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எதை அழுத்த வேண்டுமென்று சொன்னாள். சற்று நேரத்தில் பதில் வந்தது.

“எல்லாரும் உள்ள போயிட்டாவளாம்.”

“பொறவென்ன? மூஞ்சி ஏன் இன்னும் இப்படி இருக்கு?”

“திருடன் புகுந்துட்டான்னு டாக்டர்ட்ட சொல்லிட்டேன். அவிய போலீஸ்ல புகார் குடுக்கன்னு எனக்கு முன்னயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிட்டாவ. என்னையும் சாட்சி சொல்ல வரச் சொன்னாவ. இப்ப போனையும் எடுக்க மாட்டேங்காவ.”

பஸ் ஊருக்குள் நுழைந்தது.

“புகுந்தது யாருன்னு கேட்டா என்னண்ணே சொல்ல?”

“விண்டோஸ்னு சொல்லு.”

இருவருமே சிரிக்கவில்லை.

“நீங்களும் கூட வாங்கண்ணே,” என்றாள்.