பக்கத்து சீட்டுப் பிரேக்

வண்டி வாங்கியபோது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அந்தச் சின்னக் குச்சி கிடையாது சார். உங்கள் ஆட்கள் கவனித்தது சரிதான். வண்டிக்கு வயது பத்தொன்பது, குச்சிக்கு ஒன்றுகூட ஆகவில்லை. கிழவருக்குப் புதுப்பல் கட்டின மாதிரி அது தனியாகத் தெரியும்.

அதன் பெயர் குரூஸ் கன்ட்ரோல். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை அழுத்தினால் வண்டி அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு தானாகப் போகும். ஆக்சிலரேட்டரில் கால் வைக்க வேண்டாம். பக்கத்து சீட்டுக்கு முன்னால், தரையில் இருக்கிற நான்கு ஓட்டைகளைப் பற்றியும் கேட்டீர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வண்டியை விடுவிக்கிற தாளில் நீங்கள் கையெழுத்துப் போட இது உதவினால் எனக்குச் சந்தோஷம். என் மனைவிக்கு இன்னும் பதினான்கு மாதம் தண்டனை பாக்கி. அதுவரைக்கும் வண்டி உங்கள் ஸ்டேஷன் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றால் டயரெல்லாம் வெடித்துவிடும்.

முப்பத்துநான்கு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் வண்டி பழகினார்கள். மீதிப் பாதி, திட்டுக்குப் பயந்து நடந்தே போகிறவர்கள். வீட்டில் மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. மனைவி கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்றேன். பொய் சொல்லவில்லை, எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிறகு சர்க்கரை வந்தது. ரத்தத்தில் வரும் என்பார்கள், எனக்குப் பாதத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுத்து, எப்போது ஊசியால் குத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஆறு இடத்தில் குத்தி முடித்தாயிற்று என்றார். இருவரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்திக்கொண்டார்.

"உங்க கால் பிரேக் மேல இருக்கா, தரையில இருக்கான்னு உங்களுக்கே தெரியாது. சாவியை உங்க வீட்டம்மாகிட்ட கொடுத்துடுங்க" என்றார்.

அதை எழுதியும் கொடுத்ததால் என் லைசென்ஸ் ரத்தானது. ஸ்கூலை மூடினேன். ஸ்கூல் வண்டியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில்தான் பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும் ஒரு பிரேக் பெடல் இருக்கும், மாணவர் தடுமாறினால் நாம் மிதிக்க.

என் மனைவி எதிர்த்தெரு ஸ்கூலில் சேர்ந்தாள். அதை நடத்துகிறவன் என் பழைய மாணவன். ஐம்பத்தெட்டு வயதில், முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நன்றாக ஓட்டினாள். இந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்த அதே சீட்டுதான். அப்போது வாத்தியார், இப்போது பார்சல். இரண்டாம் நாள் சக்கரத்திலிருந்து கருகின வாடை வந்தது. ஹேண்ட்பிரேக்கை எடுக்காமல் ஓட்டுகிறாய் என்று அவளைத் திட்டினேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். என் பாதம் அந்தப் பெடல் மேல் நன்றாக அழுந்திக் கிடந்தது. எனக்குத் தெரியவேயில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் என் காலைத் தூக்கி, ஒரு பையை எடுத்துவைக்கிற மாதிரி, ஓரமாக வைத்தாள். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அப்புறம்தான் இந்த யோசனை வந்தது. பிரச்சினை கால்தான். காலுக்கு வேலையைக் குறைத்தால் பிரச்சினையும் குறையும். இதில் தப்பு எங்கே என்று இன்றுவரை தேடுகிறேன்.

கார் எலக்ட்ரீஷியனை நாங்கள் வயர் அண்ணன் என்போம். வண்டியின் வயதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஆனால் இரண்டு நாளில் முடித்துவிட்டார். ஆக்சிலரேட்டர் கேபிளை இழுக்க ஒரு சின்ன மோட்டார், சக்கரம் சுற்றுவதை எண்ண அச்சில் ஒரு காந்தம், பிரேக் லைட்டிலிருந்து ஒரு வயர். அந்த வயர்தான் உயிர் என்று சொல்லிக்கொடுத்தார். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், மோட்டார் பிடியை விட்டுவிடும். குச்சியில் நிறுத்துகிற பட்டனும் உண்டு. கால் மட்டும் தயாராக இருக்கட்டும் சார் என்றார். என் கால் முப்பத்துநான்கு வருஷமாகத் தயார் என்றேன். அவருக்கு என் பாதத்தைப் பற்றித் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், வேலை சுத்தம்.

மனைவியிடம், உன் வசதிக்குத்தான் பொருத்தினேன் என்றேன். ஒரு வாரம் கழித்து, வெறும் ரோட்டில் ஐந்து நிமிஷம் நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். அவள் முடியாது என்றாள். எத்தனையோ பேர் கெஞ்சிப் பார்த்தவன் நான், கெஞ்சவும் கொஞ்சம் பழகியிருந்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

"ஆனா நான் பக்கத்துல இருக்கணும். இந்த பிரேக் என் காலுக்குக் கீழ இருக்கணும். அது இருக்கற வரைக்கும்தான் இந்தக் கூத்து" என்றாள்.

சரி என்றேன்.

அந்த மூன்று வாரம் என் வாழ்க்கையிலேயே இளமையான மூன்று வாரம் சார். பைபாஸில் ஏறி, ஐம்பதில் வைத்து, குச்சியை அழுத்திவிட்டு, இரண்டு பாதத்தையும் தரையில் விட்டுவிடுவேன். என்ஜின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு போகும். ஆனால் அவள் மிதிப்பாள். லாரி தெரிந்தால் மிதிப்பாள். லாரி மாதிரி ஏதாவது தெரிந்தாலும் மிதிப்பாள். மிதித்தவுடன் குரூஸ் விட்டுப்போகும், நான் மறுபடி முதலிலிருந்து. ஏன் இப்படி என்றால், "நீங்க எத்தனை பேருக்கு இப்படி மிதிச்சீங்க. இப்ப என் முறை" என்று சிரிப்பாள்.

ஒருநாள் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. பக்கத்தில் எதிர்த்தெரு ஸ்கூல் வண்டி. அதில் என் பழைய மாணவன், வாத்தியார் சீட்டில். அவன் என்னைப் பார்த்தான், அவளுடைய காலைப் பார்த்தான், மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பெடலைக் கழற்றிவிட்டேன். நான்கு போல்ட்தான். இருபது நிமிஷம். மேலே ரப்பர் விரிப்பைப் போட்டேன். அவளிடம் சொல்லியிருக்கலாம். அன்று அவளுக்குத் தலைவலி.

அன்றே அவளுடைய தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தங்கைக்குக் கொடுக்க ஒரு பெரிய பூந்தொட்டி வைத்திருந்தாள். பின்சீட்டில் வைக்கிறேன் என்றாள். மண் கொட்டும், மடியில் வைத்துக்கொள் என்றேன். தொட்டிக்குக் கீழே அவளுக்குத் தன் பாதம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இறங்கியிருப்பாள், ஒரு நல்ல காலை வீணாகியிருக்கும்.

பைபாஸில் அந்த மனிதர் ரோட்டில் குந்தி உட்கார்ந்து, பாதசாரிகள் கடக்கிற இடத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான்கு பட்டை முடிந்திருந்தது. நேராக, ஓரம் பிசகாமல் அடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பிரஷ் வைத்திருந்த கையை உயர்த்தினார். பழைய மாணவர் யாரோ என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

"ஏங்க, ஆளு" என்றாள் என் மனைவி.

நான் பிரேக் போட்டேன். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. காலுக்குச் சொன்னேன், கால் ஆயிற்று என்றது. அதே கணத்தில் அவளும் மிதித்தாள். ஒரே வண்டியில் இரண்டு பேர் முழுப் பலத்தோடு பிரேக் போட்டோம் சார், இரண்டு பேருமே வெறும் தரையில். எனக்கு வலிக்கவில்லை. அவளுக்குக் குதிகால் எலும்பு விட்டுப்போனது. வண்டி ஐம்பதிலிருந்து இறங்கவேயில்லை. பட்டனை நீங்கள் கேட்பீர்கள். பட்டன் மூன்று வாரப் பழக்கம், கால் முப்பத்துநான்கு வருஷம்.

அவர் மேல் மோதின பிறகு, ஓரத்து மண்மேட்டில் ஏறித்தான் நின்றது.

அவள் தொட்டியைத் தள்ளிவிட்டு இறங்கி, அந்தக் காலோடு நொண்டி நொண்டி அவரிடம் ஓடினாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். நான் யோசித்தேன். எனக்கு லைசென்ஸ் இல்லை, அவளுக்கு இருக்கிறது. அவள் ஓட்டியிருந்தால் விபத்து, நான் ஓட்டியிருந்தால் குற்றம். ஒரே மனிதர், ஒரே வண்டி, ஒரே வேகம், பெயர் மட்டும் வேறு. யோசித்து முடித்தபோது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். கையில் சட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டு மண்ணைத் தட்டிவிட்டேன், சீட்டெல்லாம் பூந்தொட்டி மண்.

ஆம்புலன்ஸ் அவரை எடுத்துக்கொண்டு போனதும் அவள் திரும்பி வந்தாள். நிற்க முடியவில்லை அவளால். வண்டியில் முன்னால் காலியாக இருந்த இடம் டிரைவர் சீட் ஒன்றுதான்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்தாள். விரிப்பு விலகிக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, எப்போதும் செய்கிற மாதிரி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவள் என்னைவிடக் குட்டை.

நீங்கள் வந்தீர்கள். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை, காலில் அடிபட்டிருக்கிறது, புதிதாக ஓட்டுகிற பெண், பதற்றத்தில் பெடலைத் தவறவிட்டுத் தரையை மிதித்திருக்கிறார் என்று எழுதினீர்கள். நன்றாகக் கவனித்துத்தான் எழுதினீர்கள். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அவருக்கு இரண்டு பெண்கள் என்று கோர்ட்டில் தெரிந்துகொண்டேன். மீதிப் பட்டைகளை வேறு யாரோ அடித்திருக்கிறார்கள், கோணல். பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போன ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். எப்போதும் முதலில் அதைத்தான் கேட்பாள், செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள் என்பாள். புண் வந்தாலும் எனக்குத் தெரியாதே, வீட்டில் தினமும் அவள்தான் பார்ப்பாள். பெஞ்சு மேல் தூக்கி வைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு ஆணி குத்தியிருந்தது, நான் அதோடு நடந்தே வந்திருக்கிறேன். அவள் அழுதாள். அவளுடைய குதிகாலைப் பற்றி நான் கேட்க நினைத்தேன், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

எழுந்துபோகும்போது, "அந்த வண்டியை வித்துடுங்க. நீங்க தொடாதீங்க" என்றாள். பயந்த சுபாவம். உள்ளே இருப்பதால் இன்னும் கூடியிருக்கிறது.

இவ்வளவுதான் சார். ஒன்றையும் மறைக்கவில்லை. மேலே வாக்குமூலம் என்று போட்டிருக்கிறீர்கள், விளக்கம் என்று மாற்றிவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். சாவியை இன்றைக்கே கொடுத்துவிட்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகவேண்டும், இரண்டு பஸ் மாறி ஏறி இறங்க இந்தக் காலை நம்ப முடியவில்லை.