தனிப் பாடத்தில் கொடுத்த தடுப்பு

1938ஆம் ஆண்டு மாசி மாதம், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், கம்பு விளையாட்டின்போது சென்னியப்பன் என்ற நிலக்காரர் இடது பொட்டில் அடிபட்டு விழுந்தார். சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோகும் வழியில் இறந்தார். அடித்தவன் தீர்த்தகிரி, அவர் பண்ணையிலேயே மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன். இருவருக்கும் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கம்பு பிடிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்பதைத்தான். வெறும் வயிற்றில் கம்பு சுற்றினால் கண் இருட்டும். வயிறு நிறைந்திருந்தால் கால் எழாது. கொஞ்சம் கூழ் குடித்துவிட்டு, அது அடங்கிய பிறகு வரச் சொல்வேன். அக்கறையான வாத்தியார் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அது பொய்யான பெயர் அல்ல.

கூட்டமாகக் கற்பது மேலா, தனியாகக் கற்பது மேலா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கூட்டம்தான் மேல் என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். காரணம் எளிது. கூட்டத்தில் ஒருவன் உயரமாக இருப்பான், ஒருவன் இடக்கையனாக இருப்பான், ஒருவன் பயத்திலேயே தாறுமாறாக வீசுவான். இத்தனை பேருடைய கம்புக்கும் ஈடுகொடுக்கிறவனுக்குத் தன் தடுப்பில் எங்கே ஓட்டை என்று தானாகத் தெரிந்துவிடும். நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தாலும் பக்கத்தில் நிற்பவனுடைய கம்பு அதைத் திருத்திவிடும். தனியாகக் கற்பவனுக்குத் தெரிவது வாத்தியாருடைய கம்பு ஒன்றுதான். அது எங்கே வராதோ, அங்கே அடியே வராது என்று அவன் நம்பிவிடுகிறான்.

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஒரு மேட்டு நிலத்தில் என் கூடம் இருந்தது. கூடம் என்பது பேருக்குத்தான். கூரை கிடையாது, தண்ணீர் தெளித்துக் கெட்டித்த மண்தரை. வெள்ளாமைக்காரர்கள், கூலிக்காரர்கள், தறிக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மேல்சட்டை இல்லாமல் நின்றால் யார் யாரென்று வெளியூரானுக்குத் தெரியாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. நிலம் சென்னியப்பனுடையது. அவருடைய தகப்பனார் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்திருந்தார்.

நாற்பது வயதுக்கு மேல் சென்னியப்பனுக்குக் கம்பு ஆசை வந்தது. கூடத்துக்கு வந்தார், வரிசையின் முன்னால் நின்றார். எங்கள் ஆட்டத்தில் கம்பு முனையில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்ப்போம். எதிராளியின் நெற்றியில் வெள்ளை வைத்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு நாள் அவரையும் தீர்த்தகிரியையும் சோடி சேர்த்தேன். வேண்டுமென்று செய்ததல்ல, உயரம் பொருந்தியது. தீர்த்தகிரி அவர் நெற்றியில் வெள்ளை வைத்துவிட்டான்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பூசாரி பண்ணாடிக்குத் துன்னூறு வெச்சுட்டாருங்கோ. தட்டுல காணிக்கை போடுங்க."

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் முதலாளியைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தீர்த்தகிரி மட்டும் சிரிக்கவில்லை. சென்னியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொள்ளாமலே நடந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் களத்தில், மாட்டைத் தாமதமாகப் பூட்டியதாகச் சொல்லித் தீர்த்தகிரியைத் தாம்புக்கயிற்றால் அடித்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாட்டுத்தொழுவத்துக்கு அருகில் வெகுநேரம் நிற்க வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏப்பா கந்தப்பா, கூட்டத்துக்கு நீ காட்டறது வெறும் குதியாட்டம். நெசமான சரக்க ஒளிச்சு வெச்சிருக்கறே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"பொய் பேசாதே. எந்த வாத்தியும் நாலு பேரு பாக்கற எடத்துல வித்தையக் கொட்டமாட்டான். இனி நம்ம ஊட்டுக்கு வா. எனக்கு மட்டும் சொல்லிக்குடு. வர்ற நோம்பியில அந்த நாயிகூட சபையில நின்னு ஆடோணும். ஆடிச் செயிச்சதுக்கு அப்பறம் உன்ற கூடத்த உழுது சோளம் போட்டுருவேன்."

"உழுதுட்டா பசங்க எங்கீங்க போவாங்க?"

"மாடு மேய்க்கப் போவானுக. முன்ன எங்க போனானுகளோ அங்க."

நான் படித்தவன். சேலத்தில் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவன். வாசகசாலைக்கு வரும் பத்திரிகை எதையும் விட்டதில்லை. ஒருவர் பேசும்போது அவர் எதை நம்புகிறார் என்று கவனிப்பது என் பழக்கம். உண்மையான வித்தை தனியாகத்தான் கொடுக்கப்படும் என்று சென்னியப்பன் நம்பினார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. மருந்து, மந்திரம், கம்பு எல்லாவற்றிலும் உண்டு. கூடத்தில் யாரும் செய்யாத ஒன்றை நான் காட்டினால் அதை அவர் ரகசியம் என்று எடுத்துக்கொள்வார். ரகசியம் என்பதால் இன்னொருவரிடம் சோதித்துப் பார்க்கவும் மாட்டார். மாட்டுத்தொழுவத்தில் நிற்கும்போதே இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சரிங்க, நாளைக்கே வாரேனுங்க" என்றேன்.

அவருக்கு நான் கொடுத்த தடுப்பைச் சொல்கிறேன். தலைக்கு அடி வரும்போது கூடத்தில் கம்பை இரண்டு கையாலும் குறுக்கே உயர்த்தித் தடுக்கச் சொல்வோம். பார்வைக்கு அழகாக இராது. ஆனால் உயிர் நிற்கும். அவருக்கு நான் சொன்னது வேறு. கம்பை வலது இடுப்புக்கு இழுத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, அடியை வழுக்கிப் போகவிடுவது. வந்த அடி வந்தபடியே முடிந்தால் அது அற்புதமான தடுப்பு. அடிப்பவன் பாதியில் நிறுத்தி, கம்பின் மறுமுனையால் திருப்பி அடித்தால், இடது பொட்டு திறந்தபடி இருக்கும். திரும்பும் தலை தானாகவே கம்பை நோக்கி வரும்.

நான் ஒருபோதும் மறுமுனையால் அடிக்கவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் அவர் வீட்டுக் களத்தில் பாடம் நடக்கும். அவர் தடுப்பார், நான் தடுமாறிப் பின்வாங்குவேன். "இப்பத்தான்டா நெசத்த அவுத்திருக்கறே" என்று சந்தோஷப்படுவார். மரியாதை கூடியது. தொழுவத்தருகே நிற்பது போய், உள்ளே தனியாக எனக்கு இலை போட்டார்கள். அந்த வீட்டு நெய் நல்ல நெய். இதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தத் தடுப்பை யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

அதே நாட்களில், சாயங்காலம், சென்னியப்பன் வருவதை விட்டுவிட்ட கூடத்தில், எல்லோருக்கும் மறுமுனை வீச்சைச் சொல்லிக்கொடுத்தேன். மேலிருந்து அடிப்பதுபோல் ஓங்கி, பாதியில் நிறுத்தி, அடிமுனையால் இடது பொட்டுக்கு. முழு பலத்தோடு அடிக்கப் பழக்கினேன். எதிரே நிற்பவன் கம்பைக் குறுக்கே உயர்த்தியிருப்பான், ஆகவே ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. பலத்தைக் குறைத்தவனை மறுபடி செய்யச் சொன்னேன். தை மாதம் முடிவதற்குள், யோசிக்காமலே கை அந்த வீச்சுக்குப் போகும்படி ஆகிவிட்டது. யார் கை என்பது எனக்கு முக்கியமாக இருக்கவில்லை. சபையில் அவரோடு என் கூடத்து ஆள் எவன் நின்றாலும் போதும். தீர்த்தகிரியைத் தேர்ந்தெடுத்தவர் சென்னியப்பன்தான்.

நோம்பிக்கு முன்னால் தீர்த்தகிரி என்னிடம் வந்தான்.

"வாத்தியாருங்க, நான் தோத்துப் போயிரட்டுங்களா? செயிச்சா வேலை போயிருமுங்க. பொண்டாட்டி மாசமா இருக்கறா."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவனுக்கு நான் சொன்ன பதிலும் எந்த வாத்தியாரும் சொல்லக்கூடியதுதான்.

"கூடத்துல எப்படி ஆடுவியோ அப்படி ஆடு. வேற எதையும் நெனைக்காதே."

சபை வணக்கம் செய்து இருவரும் இறங்கினார்கள். தீர்த்தகிரி ஓங்கினான். சென்னியப்பன் கம்பை இடுப்புக்கு இழுத்து முகத்தைத் திருப்பினார். மிக நன்றாகச் செய்தார். சத்தம் பெரிதாக இல்லை. தேங்காய் உடைப்பதுபோல் என்று பிறகு பலர் சொன்னார்கள், அது மிகை. தீர்த்தகிரி கம்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"பண்ணாடி ஏனுங்க தடுக்கல?" என்றான். "வாத்தியாரே, அவரு தடுக்கவே இல்லீங்களே."

அவனுக்குத் தண்டனை வராது என்று நான் நம்பியிருந்தேன். சேலத்தில் ஒரு வக்கீலின் மேசையில் பீனல் கோடைப் புரட்டியிருக்கிறேன். இருவர் சம்மதித்து விளையாடும்போது, முறைப்படி ஆடியதால் காயம் நேர்ந்தால் குற்றமில்லை; வாள் பயிற்சியையே உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள். எனவே கேள்வி ஒன்றுதான். அந்த அடி முறையான அடியா? தாம்புக்கயிற்று விஷயத்தை வைத்து, பழிவாங்குவதற்காக ஆட்டத்தில் இல்லாத அடியை அடித்தான் என்று போலீஸார் வழக்கு எழுதினார்கள். அது கூடத்தில் சொல்லிக்கொடுத்த அடி என்று ஒருவர் சொன்னால் வழக்கு நிற்காது.

சொல்வதற்குக் கூடம் நிறைய ஆள் இருந்தார்கள். ஆனால் எங்களிடம் சேரும் அன்று ஒவ்வொருவனும் கம்பின் நுனியில் சூடம் ஏற்றி, அதன்மேல் கை வைத்து, இங்கே கற்றதை வாத்தியார் உத்தரவு இல்லாமல் வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்வான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவனும் "வாத்தியாரக் கேளுங்க" என்றே சொன்னான். தீர்த்தகிரியும் அதையே சொன்னான். அவனுடைய வக்கீலுக்கு மிகவும் கோபம் வந்ததாம்.

அவன் மனைவி பொன்னாயி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"வாத்தியாருங்க, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க, அவரு ஊடு வந்து சேந்துருவாரு. ஏனுங்க, சொல்லிருவீங்கல்ல?"

"கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லுவேன், அம்மிணி. சாப்பிட்டயா நீ?"

அவள் சாப்பிடவில்லை. என் வீட்டில் கம்பஞ்சோறு போடச் சொன்னேன்.

சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் என்னைக் கேட்டார். "கம்பின் மறுமுனையால் பொட்டில் அடிப்பது உங்கள் கூடத்தில் சொல்லிக்கொடுக்கப்படும் அடியா?"

என் கூடத்து ஆட்கள் எல்லோரும் பின்னால் நின்றிருந்தார்கள். சேலத்துக்கு நடந்தே வந்திருந்தார்கள். தீர்த்தகிரி கூண்டில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கவலை இல்லை.

நான் நிதானமாக யோசித்தேன். ஆம் என்றால் அடுத்த கேள்வி எது என்பது தெரியும். எல்லோருக்கும் தெரிந்த அடிக்கு, நீங்கள் தனியாகப் பாடம் சொன்னவருக்கு மட்டும் தடுப்பு ஏன் தெரியவில்லை? அதற்குப் பதில் சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன். நான் போனால் கூடம் போய்விடும். ஒருவனுக்காக அத்தனை பேருடைய கூடத்தை அழிப்பது முறையல்ல என்று பட்டது. கூட்டத்தின் நன்மைக்குத்தான் நான் எப்போதும் முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

"இல்லை" என்றேன். "அப்படி ஓர் அடியை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை."

தீர்த்தகிரியிடம், சொல்வதற்கு ஏதாவது உண்டா என்று நீதிபதி கேட்டார்.

"வாத்தியாரு சொன்னாச் சரிதானுங்க" என்றான்.

கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று வைத்து அவனுக்கு ஏழு ஆண்டு கடுங்காவல் கொடுத்தார்கள்.

நான் சென்னியப்பனைத் தொடவில்லை. தீர்த்தகிரி மேல் எனக்கு விரோதமும் கிடையாது. என்னிடம் கற்றவர்களில் அவன் நல்ல கையுள்ளவன். ஒருவரை அவருடைய அகந்தையிடமே விட்டுவிட்டேன் என்று சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியல்ல. அந்தத் தடுப்பைக் கொடுத்தது நான். அந்த அடியைக் கொடுத்தது நான். இரண்டும் சபையில் சந்திக்கும்படி செய்ததும் நான். கூடத்துக்காகச் செய்தேன்.

தீர்ப்பான மறுவாரம் கூடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அவர்கள் கம்புகளை என் வீட்டுச் சுவரோரம் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

சென்னியப்பனின் தம்பி கண்ணுசாமி, கோர்ட்டில் நான் உண்மையைச் சொன்னதற்காக மிகுந்த மரியாதை வைத்திருக்கிறார். அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தனக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆளனுப்பினார். காலையில் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். அவர் ஒருவர்தான் இப்போது என்னிடம் கற்கிறார்.

சென்ற ஐப்பசியில், தீர்த்தகிரி ஜெயிலில் பேதி கண்டு இறந்துவிட்டதாகப் பொன்னாயிக்குத் தகவல் வந்தது. அன்றைக்கும் பாடம் நடந்தது.