எதிர்வீட்டு வால்வு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது.

சாயங்காலம் ஆறரை மணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பு வரை நீளமான சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் காலி மனை. ஈ காக்கை இல்லை... மருந்துக்கடை வேலை முடிந்து நடந்து வந்த அத்தானுக்கு மனைவியிடமிருந்து போன்.

"குழாய்ல தண்ணி நூல் மாதிரி வருதுங்க. மறுபடியும்."

அத்தான் நடுச்சாலையில் நின்றுவிட்டார். அந்த 'மறுபடியும்'தான் காரணம்.

போன கோடையிலும் இதே கதை. அத்தான் யாரிடமும் மூச்சு விடாமல் மொட்டைமாடிக்குப் போனார். எதிர்வீட்டுக்குப் போகும் வால்வை முக்கால்வாசி மூடினார். இவர் வீட்டில் ஷவர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எதிர்வீட்டில் தனியாக இருந்த கணக்கு வாத்தியார் வந்து கதவைத் தட்டினார்.

"உங்க வீட்ல தண்ணி வருதா தம்பி?"

"எங்களுக்கும் இல்ல சார். டேங்க்ல ஏதோ கோளாறு போல."

வாத்தியாருக்கு இதயக் கோளாறு. மாத்திரை எடுத்துக் கொடுப்பதே அத்தான்தான். அவர் படி ஏறக் கூடாதென்று இவருக்கு நன்றாகத் தெரியும்... அன்று மத்தியானம் டேங்கைப் பார்க்க வாத்தியார் ஏறினார். கொதிக்கிற தளத்தில் குப்புற இறந்து கிடந்தார். கூட்டம் கலைந்ததும் அத்தான் செய்த முதல் காரியம், அந்த வால்வை முழுசாகத் திறந்து வைத்தது. மனைவிக்குக்கூடத் தெரியாது.

இப்போது பிளம்பர் வந்தார். குழாய் முனையிலிருந்த வலையைக் கழற்றினார். சுத்தம். வடிகட்டியைப் பார்த்தார். அதுவும் சுத்தம். கடைசியில் வெளியே போய், எதிர்வீட்டுக் குழாயில் காதை வைத்தார்.

"இதுல தண்ணி ஓடுது சார். உள்ள யாரோ திறந்து விட்டிருக்காங்க."

"அங்க யாருமே இல்லையே... பூட்டிக் கெடக்கு."

பிளம்பர் மேலே போய் அந்த வால்வை மூடினார். இங்கே குழாய் சீறியது. மறுநாள் காலை, மறுபடி நூல். அத்தான் மாடிக்கு ஓடினார். வால்வு முழுசாகத் திறந்திருந்தது. மூடக் கை நீட்டினார்... கை போகவில்லை.

"நீங்களே வச்சுக்கங்க சார்," என்று முனகிவிட்டு இறங்கினார்.

தகவல் கேட்டு வாத்தியாரின் மகள் சாவியோடு வந்தாள். துருப்பிடித்த பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. தரையெல்லாம் தூசி. தடம் எதுவும் இல்லை. சமையலறைக் குழாய் இறுக மூடியிருந்தது.

"அப்பா மாடிப் பக்கமே போக மாட்டார்ண்ணா. அன்னிக்கு ஏன் ஏறினார்னுதான் இன்னிவரைக்கும் புரியல."

அத்தான் வாயைத் திறந்தார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும். தொண்டை வரை வந்தது... முழுங்கிவிட்டார்.

அவள் குளியலறைக் கதவைத் தள்ளினாள். அங்கேயும் குழாய் மூடித்தான் இருந்தது. தரை காய்ந்திருந்தது. ஆனால் குளித்து முடித்த வாசனை...

ஜன்னல் விளிம்பில் ஒரு சோப்பு இருந்தது. அதன் மேல் நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன.