மடியில் உறங்கிய வழக்கு

நான் பட்டதாரி, லான்மடா வட்டாரத்தில் எங்கள் கோயில் குழுவின் தலைவன். எல்லாரும் என்னைப் பெரிய ஆசான் என்ற பொருளில் ‘சயாஜி’ என்றே அழைப்பர். நான் நுழைந்தால் அவை எழும். பெரியோர் வந்தால் நானும் எழத் தவறியதில்லை. கோயிலை ஒட்டிய வீட்டில் பிள்ளைக் காப்பகம் நடத்த அனுமதி தரக்கூடாது, இரைச்சல் பூசையைக் கெடுக்கும் என்று வழக்குத் தொடுத்தவன் நானே. நீதிமன்றம் எங்களை ஒரு பெண் நீதிபதி முன் சமரசத்துக்கு அனுப்பியது.

அது முடிந்த மறுநாள், தன்லியினுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைப் பெண்கள் இருவர் அமர்ந்திருந்தனர். பின்னால் நான் இருப்பதை அறியவில்லை.

“அக்கா, சயாஜி ஜட்ஜம்மாவுக்கே எந்திரிக்கலையாம்!”

“நம்ம கோயில் சயாஜியா? போடி! செருப்பு வரிசை கோணினாலே கத்துற மனுசன்!”

“மடியில பிள்ளை தூங்குச்சாம். எந்திரிச்சா முழிச்சுக்கும்னு, உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டாராம். காப்பகத்த நடத்திக்கங்கன்னு!”

“ஐயோ சாமி! அப்ப என் மகள அங்க விடலாம். நான் வேலைய விட வேண்டாம்!”

“பூசை நேரத்துல மட்டும் பிள்ளைங்கள உள்ள வச்சுக்கணுமாம். எல்லாம் காப்பகத்தம்மா வேலை, அக்கா. வேணும்னே பிள்ளைய அவர் மடியில போட்டிருக்கா.”

“கெட்டிக்காரிடி!”

இருவரும் சிரித்தனர்.

அந்த அம்மையார் குழந்தையை என் மடியில் போடவில்லை. அது அழுதது, நான்தான் தூக்கிக்கொண்டேன்.