எறங்கற எடம்

ஹலோ... ஹலோ! மேடம், மேடம், வெச்சிடாதீங்க... நீங்க நிஜமாவே மனுஷங்கதானே? ...இல்ல, இதுவரைக்கும் ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு ஒருத்தங்க சொல்லிட்டே இருந்தாங்க. நீங்க அவங்க இல்லையே? ...சரி, சரி. அப்புறம் நாப்பது நிமிஷமா புல்லாங்குழல். இப்ப கைல குடுத்தா நானே வாசிச்சிடுவேன்... பரவால்ல மேடம், மன்னிப்பெல்லாம் எதுக்கு? நீங்களா வாசிச்சீங்க?

சின்னவனின் போனில் ஸ்பீக்கர் கெட்டுப்போய் ஆறு மாதமாகிறது. அதனால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா கண்டக்டரம்மாவுக்கு அவன் பேசுவது மட்டும்தான் காதில் விழுந்தது. அவள் வாழ்நாளில் யாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பஸ் கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டிருந்ததால் தெருவே சூட்டிய பட்டம் அது. கண்டக்டர் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. டிப்போவிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். பட்டம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

ஆமா மேடம், பிளேன் டிக்கெட்டு, ரெண்டு பேர், ஒரே புக்கிங். அம்மா, அப்பா. இருபத்தொண்ணாம் தேதி கெளம்பறாப்பல... அக்கா அங்க இருக்கா, மாசமா இருக்கா. அதுக்குத்தான் போறாங்க... போறதா இருந்தாங்க. இப்ப என்னன்னா, அக்காவுக்கு வர்ற வியாழக்கிழமையே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரத்தக்கொதிப்பு இறங்கவே மாட்டேங்குது. அங்க அவளும் மாமாவும் தவிர வேற யாரும் இல்ல. அதனால அம்மா செவ்வாக்கிழமையே ஏறியாகணும்... ஆமா, அம்மா மட்டும்.

...அப்பா வரல.

...இல்ல மேடம், தேதி மாத்தினாலும் வரமாட்டாரு. ...இறந்துட்டாரு.

...ம். ...ம். தேங்க்ஸ் மேடம். ...ம்.

'அவரில்லாமல் நான் எப்படிடா?' என்பதுதான் நேற்றுவரை கண்டக்டரம்மாவின் ஒரே பதில். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அவர் பின்னால் நடந்தே பழகியவள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மகள் வீடியோவில் அழுதபோதுகூட 'வரேன்' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. சின்னவன் அவளைக் கேட்காமலேயே இன்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை. மடியில் கண்டக்டரின் போன் கிடந்தது. தினமும் காலையில் அதற்கு அவள்தான் சார்ஜ் போட்டு வைத்தாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

இருங்க மேடம், எனக்குப் புரிஞ்சத சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. முப்பது நாளைக்கு முன்னாடி கேன்சல் பண்ணா கொஞ்சம் புடிப்பீங்க. முப்பது நாளுக்குள்ள வந்துட்டா பாதி. கடைசி நாள்னா மொத்தமும் போச்சு. ஆளே வரலன்னா அதுக்குத் தனியா ஒரு ஃபீஸ்... வராதவன்கிட்ட எப்படி மேடம் வாங்குவீங்க? ...ஓ, ஏற்கெனவே குடுத்த காசுலயா. சரிதான், யோசிச்சுத்தான் வெச்சிருக்கீங்க.

...ஆமா, ஆமா, அதையும் படிச்சேன். ஆள் இறந்துட்டா முழுசாத் திருப்பித் தருவீங்க. சர்டிஃபிகேட் கேப்பீங்கன்னு தெரியும், கையிலயே வெச்சிருக்கேன். லேமினேட் பண்ணிட்டேன்... இல்ல மேடம், எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? மார்க் ஷீட்டெல்லாம் பண்ற பழக்கம். கடைக்காரர் எத்தன காப்பின்னு கேட்டாரு, ஒண்ணு போதும்னுட்டேன்.

இப்ப அம்மாவோட தேதி. மாத்தறதுக்கு ஒரு ஃபீஸ். அதுக்கு மேல விலை வித்தியாசம்... அதே பிளேன், அதே சீட்டு, அதே எங்கம்மா. இதுல என்ன மேடம் வித்தியாசம்? ...சீசனா. ...சரி. அதுக்குத்தான் நானே கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். அப்பாவோடத கேன்சல் பண்ணிடுங்க. வர்ற காச அப்படியே அம்மா டிக்கெட்டுல போட்டு செவ்வாக்கிழமைக்கு மாத்திடுங்க. தனியா எங்ககிட்ட எதுவும் இல்ல, அவரோடத வெச்சுத்தான் இவங்க போயாகணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க... வெயிட் பண்றேன். மேடம், மேடம், அந்தப் புல்லாங்குழல் மட்டும் வேணாம்.

திரும்பவும் புல்லாங்குழல்தான் வந்தது போலிருக்கிறது. சின்னவன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டான். கட்டிலின் மேல் கண்டக்டரம்மாவின் நீலப் பெட்டி திறந்து கிடந்தது. கண்டக்டரின் பழுப்புப் பெட்டி பீரோவின் தலையில் தூசியோடு அப்படியே இருந்தது. 'என் பெட்டி அப்புறம். நாலு சட்டைக்கு எவ்ளோ நேரம் ஆகப்போவுது?' என்று சொல்லிச் சொல்லியே அதைக் கீழே இறக்காமல் விட்டுவிட்டார்.

ம், சொல்லுங்க மேடம். ...இல்லையே, ரெண்டு பேர். ...இல்ல மேடம், நல்லாப் பாருங்க. நம்பர் மறுபடி சொல்லவா? ...அதே நம்பர்தான். ...ஒருத்தர்தான் இருக்காங்களா? யாரு? ...அம்மா. சரி, அப்பா?

...எப்ப?

...யாரு பண்ணது? நாங்க யாரும் பண்ணல. நான்தான் பண்ணணும், அதுக்குத்தானே மேடம் ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன். வேற யாரோ... ஆஃபீசுக்கு நேர்ல வந்தா? ...அவரா?

சின்னவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தான். இரண்டாள் கை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடும் அறை. இதில் குரலைத் தணித்து என்ன பிரயோஜனம்?

...போன மாசம் பத்தொம்பதா? ...வெள்ளிக்கிழமை. ஆமா, அவருக்கு லீவு நாள். ...அப்படின்னா முப்பத்திரண்டு நாள் முன்னாடி. முப்பதுக்கு வெளிய. ...தெரிஞ்சுதான் மேடம் வந்திருக்காரு. உங்க விதியெல்லாம் எங்களவிட அவருக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

...என்ன லெட்டர்? ...டாக்டர் லெட்டரா? அதுல என்ன... பிளேன்ல போகக் கூடாதுன்னா? ஏனாம்? ...ம்.

...ம்.

...இல்ல, லைன்லதான் இருக்கேன்.

ஒண்ணுமில்லம்மா! சும்மா, அட்ரஸ் கேக்கறாங்க.

பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. கண்டக்டரம்மாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று காலையில் போனவர், போன முடியோடேயே மத்தியானம் திரும்பி வந்தார். கையில் பயணத்துக்கான கழுத்துத் தலையணை ஒன்று. ஒன்றே ஒன்று. 'எனக்கு எதுக்கு? நின்னுக்கிட்டே தூங்கறவன் நான்' என்றார். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. 'இவ்ளோ கஞ்சத்தனம் பாக்கறவங்க பேசாம வீட்டுலயே இருங்க, நான் மட்டும் போய்ட்டு வரேன்' என்றாள். அவர் சிரித்தார். 'நல்ல யோசனையா இருக்கே' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். கேஸ் என்றார்.

மேடம், ஒரு நிமிஷம். அப்ப அந்தக் காசு? கையிலயா வாங்கிட்டாரு? ...ஐயோ, அப்ப அம்மாவுக்கு... நான் அத நம்பித்தானே மேடம்... செவ்வாக்கிழமை எப்படி... சரி, சொல்லுங்க. ...என்ன? ...மெதுவா சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் ஏறல. ...அம்மா டிக்கெட்டுலயே போட்டாரா?

...எந்த வகை? ...அப்படின்னா? ...எத்தன தடவ வேணாலும்? ...மாத்தற ஃபீஸ்? ...விலை வித்தியாசம்? ...அதுவும் இல்லையா?

...அப்ப நான் எதுவுமே கட்ட வேணாமா?

...ம். இல்ல மேடம், சந்தோஷம்தான். அழல. சளி.

சின்னவன் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கேலி பண்ணி ஓட்டுகிற ஓட்டில் கல்லூரியில் ஒருவரையும் மிச்சம் வைக்காதவன். சாவு வீட்டில்கூட, துக்கம் விசாரிக்க வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்த மாமாவிடம் 'டெர்மினஸ் வந்துடுச்சு, எல்லாரும் எறங்குங்க' என்று அப்பாவின் குரலில் சொல்லிச் சிரிக்க வைத்தவன். அவன் தோள் குலுங்குவதைக் கண்டக்டரம்மா பின்னாலிருந்து பார்த்தாள். அப்போதே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இருந்தும் கேட்கவில்லை. மறைக்கிறவன் மறைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தாள்.

மாத்திடுங்க மேடம். செவ்வாக்கிழமை காலைல. ...சீட்டு? ...அதுவும் சொல்லிட்டாரா? ...ஆமா, ஆமா, ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு ஆகாது, தல சுத்தும். முன்னாடி வரிசை, நடைபாதை ஓரம். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரே சீட்டு அது. கண்டக்டர் சீட்டு. ...ஆமா மேடம், பஸ் கண்டக்டர். காலி சீட்டோட வண்டி போனா சோறு எறங்காது அவருக்கு. ...அதான். தன் சீட்டு காலியாப் போயிடக் கூடாதுன்னு முன்னாடியே காலி பண்ணிக் குடுத்துட்டாரு.

...கோடா? எந்த நம்பருக்கு அனுப்பறீங்க? ...அது அப்பா நம்பர் மேடம். வேற நம்பருக்கு... முடியாதா? ...இல்ல இல்ல, போன் இருக்கு. அம்மாகிட்ட இருக்கு. ...

...அனுப்புங்க.

மடியில் கிடந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது. பன்னிரண்டு நாளாகச் சார்ஜ் போட்டாளே தவிர, கண்டக்டரம்மா அதைத் திறந்து பார்த்ததில்லை. அவர் அதற்குப் பூட்டும் போட்டதில்லை. தொட்டதும் திறந்துகொண்டது.

அம்மா, அப்பா போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாரு. ஆறு நம்பர். அத மட்டும் சொல்லு, வேற எதையும் பாக்காத... ம், நாலு. ஏழு. மேடம், நாலு, ஏழு. ஒண்ணு. ஒண்ணு. அப்புறம்?

அம்மா?

...இருங்க மேடம். ...தெரியும், ரெண்டு நிமிஷத்துல காலாவதியாயிடும். ...அம்மா, இன்னும் ரெண்டு நம்பர்மா.

எண்ணுக்கு மேலே பழைய செய்திகள் வரிசையாக இருந்தன. பயணி ஒருவரின் டிக்கெட் ரத்து செய்யப்பட்டது என்று ஒன்று. கண்டக்டரின் பெயர், பத்தொன்பதாம் தேதி, மத்தியானம் பன்னிரண்டே கால். அதற்குக் கீழே கண்டக்டரே எழுதிய பதில். இயந்திரம் அனுப்புகிற செய்திக்குப் பதில் போகாது என்பது அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி. அனுப்ப முடியவில்லை.

கண்டக்டரம்மா அதை ஒரு முறை படித்தாள். அப்புறம் மீதி எண்களைச் சொன்னாள். குரல் உடையவில்லை.

ஒம்போது. மூணு. மேடம், ஒம்போது, மூணு! ...ஆயிடுச்சா? ...செவ்வாய், காலைல ஏழு பத்து. ...சரி. சரி மேடம். ...இல்ல, நம்பர மாத்த வேணாம். அந்த நம்பரே இருக்கட்டும், அந்தப் போன அம்மா கொண்டு வருவாங்க.

கண்டக்டரம்மா எழுந்து வந்து போனை மகனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தப் பதிலின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு கட்டிலுக்குப் போய், நீலப் பெட்டிக்குள் கழுத்துத் தலையணையை வைத்து அமுக்கினாள்.

...வேற ஏதாவது உதவியா? இல்ல மேடம், அவ்ளோதான், ரொம்ப...

...

...மேடம். ஒண்ணே ஒண்ணு. அப்பா உங்களுக்கு ஒரு பதில் போட்டிருக்காரு. உங்களுக்கு வந்து சேரல. படிக்கறேன், எழுதிக்கறீங்களா?

"மேடம், அவங்களுக்கு பிளேன் புதுசு. பயப்படுவாங்க, ஆனா வெளிய காட்டிக்க மாட்டாங்க. எறங்கற எடம் வந்ததும் சொல்லுங்க."

...தெரியும் மேடம். நடுவுல எங்கயும் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ...ஆமா, எல்லாரும் ஒரே எடத்துலதான் எறங்குவாங்க. ...அவருகிட்ட இருபத்தெட்டு வருஷமா எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு உக்காருவாங்க மேடம். அவரும் ஒருத்தர விடாம சொல்லி எறக்கி விட்டிருக்காரு. ...ம். இருந்தாலும் எழுதிக்குங்க.

...எழுதிட்டீங்களா?

...படிச்சுக் காட்டுங்க.

...ம். ...ம். ...ஆமா, அதேதான். சரி மேடம், வெச்சிடறேன்.