அப்டேட் பண்ணக் கூடாத கம்ப்யூட்டர்

ஐயையோ, அதை அமுக்காதீங்க! கையை எடுங்க தேத்தே, எடுங்க. நெட் ஒயரை வேற சொருகிட்டீங்களா? பிடுங்குங்க முதல்ல. ஒயரைப் பார்த்ததும் அப்டேட் பண்ணவா, பண்ணவான்னு கேக்க ஆரம்பிச்சுடும். ஒரு தடவை சரின்னு சொன்னோம், அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. எங்க கம்ப்யூட்டர் விளையாட்டோட புரோகிராம் கோடை எல்லாம் சேர்த்து லினக்ஸ் பதிப்பாக் கட்டி எடுக்க இந்த உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு. ஒன்பது வருஷமா இதை யாரும் அப்டேட் பண்ணல. கூட்டுற அம்மாகூட இந்த மேஜைப் பக்கம் வர மாட்டாங்க.

மன்னிச்சுக்கங்க, கத்திட்டேன். இன்டர்வியூவுக்கு வந்தவங்ககிட்ட கத்தலாமா? என்னைவிட மூத்தவங்க வேற, அதான் அக்கா முறை வெச்சு தேத்தேன்னு கூப்பிடுறேன். உக்காருங்க. கட்டச் சொல்லியாச்சு இல்ல, முடிய நாப்பது நிமிஷம் ஆகும். நடுவுல எங்கேயாவது நிக்கும், கண்டிப்பா நிக்கும். ஏன் நின்னுதுன்னு பார்த்துச் சரி பண்ணணும். அவ்வளவுதான் பரீட்சை. அதுவரைக்கும் இந்த பாலா-பாலா பஜ்ஜியைச் சாப்பிடுங்க. பச்சை மிளகாயைக் கடிச்சுக்கங்க, வெளிய கொட்டுற மழைக்கு நல்லா இருக்கும்.

எத்தனை பேர் வந்தாங்களா? உங்களுக்கு முன்னாடி ஆறு பேர். யாரும் தேறல. நான் வேலையை விட்டுப் போகணும்னா என் இடத்துக்கு ஒரு ஆளைத் தேடிக் குடுத்துட்டுத்தான் போகணும்னு பாக் தார்மாவான் சொல்லிட்டாரு. கீழ உக்காந்திருக்காரே, அவருதான் முதலாளி, மரியாதைக்கு எல்லாரும் பாக்னுதான் கூப்பிடுவோம். கெட்ட மனுஷன் இல்ல. கெட்டவனா இருந்தா என்னைக்கோ சண்டை போட்டுட்டுப் போயிருப்பேனே!

ஏன் சொந்தமா என்ஜின் எழுதினேன்னா கேக்குறீங்க? ம்... நல்லாக் கேட்டீங்க. என் மாமியாரும் இதையேதான் கேட்டாங்க. மழை எப்படி விழணும், வண்டி எப்படித் திரும்பணும், சத்தம் எப்ப வரணும், எல்லாத்தையும் அடியில இருந்து பார்த்துக்குறதுதான் என்ஜின், அதுக்கு மேல கதையை வெச்சா விளையாட்டுன்னு பொறுமையாச் சொன்னேன். அப்ப கதை எங்கன்னாங்க. அதுக்கு நேரம் கிடைக்கலன்னேன். பாருங்க, இந்தத் தொழில்ல எல்லாரும் பண்ற முட்டாள்தனம் அது. விளையாட்டு பண்ண வருவோம், என்ஜின் பண்ணிட்டு உக்காந்திருப்போம்.

ஆனா கதை நல்ல கதை தேத்தே. ஆள் ஏத்துற ஒரு அங்கோட் வேன், ராத்திரி முழுக்க எரிமலைச் சரிவுல ஏறுது. ஏறுற ஆளுங்கள்ல பாதிப் பேர் செத்தவங்க. யாரு உசுரோட இருக்காங்க, யாரு இல்லன்னு டிரைவர் கண்டுபிடிச்சு, அவங்கவங்க இடத்துல இறக்கி விடணும். இந்த மாதிரி சொந்தச் சரக்கை, விண்டோஸை விட்டுட்டு லினக்ஸ்ல முதல்ல விடணும்னு பாக் ஒத்தக் கால்ல நின்னாரு. அந்தப் பக்கம் எல்லாம் காப்பி விளையாட்டுதான் இருக்கு, நாம போனா கொண்டாடுவாங்கன்னாரு. நானும் சின்ன வயசு, தலை கிர்ருன்னு ஏறிடுச்சு. என்ஜினே நான் எழுதுறேன்னு வாயைக் குடுத்தேன். அன்னைக்கு மாட்டினவன்தான்.

கொண்டாடத்தான் செஞ்சாங்க, பொய் சொல்லக் கூடாது. லினக்ஸ்காரங்க மாதிரி பாசக்காரங்களைப் பார்க்க முடியாது. ஒரு கோளாறுன்னா நாலு பக்கம் எழுதுவாங்க, எந்த வரில தப்புன்னு அவங்களே சொல்லுவாங்க, கடைசில நன்றியும் சொல்லுவாங்க. ஆனா ஒருத்தன் கம்ப்யூட்டர் மாதிரி இன்னொருத்தனோடது இருக்காதே! இவன்கிட்ட ஓடுறது அவன்கிட்ட ஓடாது. அவனுக்குச் சரி பண்ணா, மூணாவது ஆளுக்குச் சத்தம் போயிடும். வருஷா வருஷம் லைப்ரரின்னு அடியில இருக்குற துணை புரோகிராம் எல்லாம் மாறும், நம்ம விளையாட்டு திறக்காது. நான் ஒட்டுப் போடுவேன். மறுபடி மாறும். என் முப்பதுகள் முழுக்க ஒட்டுப் போட்டே போச்சு தேத்தே.

சிரிக்குறீங்களா? இன்னும் இருக்கு, கேளுங்க. விண்டோஸ் விளையாட்டுங்களை அப்படியே லினக்ஸ்ல ஓட்டுறதுக்கு ஒரு வழி வந்துச்சு இல்ல, அது வந்தப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நான் உசுரைக் குடுத்துப் பண்ண லினக்ஸ் பதிப்பு லினக்ஸ்ல திறக்க மாட்டேங்குது. சும்மா பேருக்குப் பண்ண விண்டோஸ் பதிப்பு, லினக்ஸ்ல வெண்ணெய் மாதிரி ஓடுது! ஒரு ஜெர்மன்காரர் ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாரு, நீங்க லினக்ஸ் பதிப்பை நிறுத்திட்டா எங்களுக்கு வசதியா இருக்கும்னு. அதைப் படிச்சுட்டு மாடில போயி கொஞ்ச நேரம் நின்னேன். அழுதேன்னுதான் வெச்சுக்கங்களேன்.

நிறுத்திடலாமேன்னா? பாக் விடுவாரா? சுவர் முழுக்க எழுதி வெச்சிருக்காரே, லினக்ஸுக்குன்னே பிறந்த விளையாட்டுன்னு. ரெண்டாவது விளையாட்டும் இதே என்ஜின்லதான் வரணுமாம். அதோட கோடு மொத்தமும் என் தலைக்குள்ள கிடக்கு. நான் போனா பதினோரு பேருக்கு வேலை போயிடும்னு சொல்லுவாரு. எப்படிப் போவேன், சொல்லுங்க.

குடும்பமா? இருக்கே. என் பொண்டாட்டி நெங்சிஹ்ஹுக்கு ஸெமாராங் ஊர்ல டீச்சர் வேலை கிடைச்சுது, பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டா. கோவிச்சுக்கிட்டெல்லாம் போகல. ஆள் கிடைச்சதும் வந்துடுறேன்னு சொன்னேன், சரின்னா. ரெண்டு வருஷம் ஆச்சு. கினந்திக்கு எட்டு வயசு. போன லெபாரான் பெருநாளுக்குப் போயிருந்தேன், என்னை வாங்க போங்கன்னு கூப்பிடுறா. அந்நியர் மாதிரி. இப்பெல்லாம் நெங்சிஹ் போன்ல ஆள் கிடைச்சுதான்னு கேக்குறதுகூட இல்ல.

நின்னுடுச்சு பார்த்தீங்களா? எண்பத்தி மூணு சதவீதம். எல்லாருக்கும் அங்கதான் நிக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன், நீங்க பாருங்க.

ம். ம்... அட, பழைய லைப்ரரிக்கே வழி காட்டி விட்டுட்டீங்களா? கெட்டிக்காரங்கதான். இங்க வர்றதுக்கு முன்னாடி பேங்க் வேலைல என்ன பண்ணிட்டு இருந்தீங்க இத்தனை நாளு? ஓடட்டும், ஓடட்டும். முடிஞ்சிடும்.

எந்த ஃபோல்டர்? ஓ... லைப்ரரி தேடும்போது அதையும் திறந்துட்டீங்களா? பழசுன்னு பேர் வெச்சா யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்கன்னு நினைச்சேன். ஒண்ணும் இல்ல, சும்மா... சரி, நீங்கதான் பார்த்துட்டீங்களே. ஆமா, முழு விளையாட்டும்தான். இலவசமா, கோடு திறந்து, யாரு வேணா எடுத்துக்குற மாதிரி வேற ஒரு என்ஜின் கிடக்கே, அதுக்கு மொத்தத்தையும் மாத்தி எழுதினது. எல்லா லினக்ஸ்லயும் ஓடும். ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தும் கட்டி எடுக்கலாம். கீழ இருக்குறவங்க யாரு வேணா பார்த்துக்கலாம், நான் தேவையே இல்ல. போன வருஷமே முடிச்சுட்டேன்.

பாக்குக்குத் தெரியாது. நெங்சிஹ்ஹுக்கும் தெரியாது.

ஏன்னு கேட்டா என்ன சொல்றது? இங்க நான் இல்லன்னா ஒண்ணும் நடக்காது. அங்க வீட்டுல நான் இல்லாமலே எல்லாம் நடக்குது தேத்தே. அங்க போயி நான் யாருன்னு நிக்குறது? பயமா இருக்கு. முன்னாடி வந்த ஆறு பேர்ல நாலு பேரு இதே மாதிரி சரியாக் கட்டி முடிச்சவங்கதான். லாயக்கு இல்லன்னு எழுதிக் குடுத்தது நான்தான்.

எங்க எந்திரிக்குறீங்க? கீழயா? சரி, பாக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. எனக்குச் சொல்ல வாய் வராது.