மணிமாறனுக்குப் பொருத்திய ஹேண்டில்பார்

ஹேண்டில்பார் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதன் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஓட்டுகிறவனின் முழங்கையை. நிமிர்ந்து உட்கார்ந்து பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நின்றால் நெடுந்தூரப் பயணத்தில் தோள் கழன்றுவிடும். இதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், மணிமாறனுக்கும் சொன்னேன்.

ராஜிக் தம்பி, நீங்கள் நிதானமாகவே அரபியில் மாற்றுங்கள். தமிழில் எழுதித் தருகிறேன் என்றது உங்களைச் சிரமப்படுத்த அல்ல. வாயால் சொன்னால் போலீஸ் அதிகாரி நடுவில் குறுக்கிடுகிறார், எனக்குக் கோர்வை போய்விடுகிறது. என் பெயர் சேதுமாதவன். ஜெபல் அலியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு எஞ்சினியர்.

ஷார்ஜாவிலும் துபாயிலும் இருக்கும் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மோட்டார் பைக்குகளில் மலைக்குப் போகிறோம். குழுவைத் தொடங்கியது நான். எங்கே கூடுவது, எங்கே டீ குடிப்பது, யாருக்குப் பின்னால் யார் என்பதெல்லாம் நான் வகுத்தது. முதல் ஆளாகப் போகிறவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிறுத்திவிட மாட்டார், மற்ற எல்லோரையும் முன்னால் பார்க்கிங்குக்குள் விட்டுவிட்டுக் கடைசியாக நுழைவார். அங்கே ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்து, கால் தரையில் படாமல், மெதுவாக ஒரு வட்டம் போடுவார். மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுவார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். என் வட்டத்தைப் பார்க்கவே சிலர் குடும்பத்தோடு காரில் வருவார்கள்.

போன குளிர்காலத்தில் ஓமானில் இருக்கும் சோஹாருக்குப் போகும்போது நான் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். எல்லோரும் ஒரு கல் குவாரிக்குள் போய் நின்றோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று சாப்பிட்ட இடத்தில், பெண்கள் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது, மணிமாறன் எழுந்து நின்றான்.

“அண்ணனுக்கு வயசாயிருச்சுப்பா. இனிமே அவரு கடைசியா வரட்டும். நம்ம போட்டுட்டுப் போற பாட்டில் கீட்டில பொறுக்கிட்டு வருவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சந்திரகலாவும் சிரித்தாள். அடுத்த வாரத்திலிருந்து மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நான் கடைசியில் போனேன், அவன் முன்னால் போனான். இன்ஷூரன்ஸ் விற்கிறவன். ஸ்பேனரில் எது தலை எது வால் என்று தெரியாது. உச்சியில் அவன் போட்டது வட்டமா, கோழிமுட்டையா என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். அதற்கும் கைதட்டினார்கள்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவன் சிரிப்பு பிடிக்கவில்லை, என்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் ஆத்திரத்தில் செய்தேன் என்று அதிகாரி குறித்து வைத்திருப்பது தவறு. ஆத்திரக்காரனுக்குக் கை நடுங்கும். நடுங்குகிற கையால் ஒரு போல்ட்டை ஒழுங்காக முறுக்க முடியாது. நான் முறுக்கிய போல்ட்டுகளை போலீஸ் ஆட்கள் சோதித்திருப்பார்கள், ஒன்றுகூடத் தளர்ந்திருக்காது.

அவனாகத்தான் என்னிடம் வந்தான். “அண்ணே, கொஞ்ச தூரம் ஓட்டுனாலே கை மரத்துப் போகுதுண்ணே. முதுகு விட்டுப்போச்சு. ஹேண்டில் கம்பிய மாத்திக் குடுங்கண்ணே, ஒங்களத் தவிர யாருக்கு இந்த வேல தெரியும்?”

அவனோடு கடைக்குப் போனேன். அவன் மினுமினுப்பாக இருந்ததை எடுத்தான், வைக்கச் சொன்னேன். உயரமாக, ஓட்டுகிறவன் பக்கம் நன்றாக வளைந்து வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவன் உடம்புக்கு அதுதான் சரி. அதில் நான் அவனுக்குக் குறை வைக்கவில்லை.

அவன் வண்டி பழைய மாடல். ஹேண்டில் உயர்ந்தால் ஆக்சிலரேட்டர் கேபிளையும் நீளமானதாக மாற்ற வேண்டும். பழைய கேபிளையே இழுத்து மாட்டினால், நேராகப் போகும்வரை வித்தியாசம் தெரியாது. முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் கேபிள் இழுபட்டு, யாரும் திருகாமலே வண்டி பாயும்.

“வயரு பத்துமாண்ணே?” என்று அவன் கேட்டான்.

“பத்தும்” என்றேன்.

சனிக்கிழமை மாலை, அவன் வில்லா வாசலில் வைத்து மாட்டினேன். அவன் மனைவி அகிலா டீ கொண்டுவந்தாள். “உங்களுக்கு சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கேன், அண்ணா” என்றாள். நல்ல பெண். மணிமாறன் கை கழுவ உள்ளே போனபோது எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எந்த வேலையையும் சோதிக்காமல் விடுவது என் பழக்கமில்லை. வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது முனைக்கு வந்ததும் எஞ்சின் உறுமியது. அணைத்துவிட்டேன்.

வண்டியை வெளிவாசலைப் பார்த்து நேராக நானே நிறுத்தினேன். காலையில் அகிலா இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள், நேராக ஏற்றிக்கொண்டு போனால் போதும். அங்கிருந்து ஹைவே, அப்புறம் மலைப்பாதை. அகலமான வளைவுகள், எங்கேயும் ஹேண்டிலை முழுக்க ஒடிக்க வேண்டிய தேவை வராது. ஒரே ஓர் இடத்தைத் தவிர.

உச்சியில் பெண்கள் முன்பே காரில் வந்து காத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் உள்ளே போய் நின்றபின் மணிமாறன் கையை ஆட்டிக்கொண்டே பார்க்கிங்குக்குள் வந்தான். இடது பக்கம் ஒடித்தான். வண்டி உறுமியதும் பயந்துபோய்ப் பிடியை இன்னும் இறுக்கித் திருகிவிட்டான். பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வண்டி அகிலா நின்ற பக்கம் பாய்ந்தது. தடுப்புச் சுவர் அங்கே முழங்கால் உயரம்தான். இரண்டு பேரையும் பள்ளத்திலிருந்து மேலே கொண்டுவர மதியம் ஆகிவிட்டது.

கேபிளை மாட்டியது நான். தெரிந்தேதான் மாட்டினேன். இதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் நான் ஆசைப்பட்டது அவன் எல்லார் முன்னாலும் சாய்ந்து விழ வேண்டும் என்பதற்குத்தான். அந்த வேகத்தில் விழுந்தால் கண்ணாடி உடையும், முட்டி சிராயும், மானம் போகும். அவ்வளவுதான். அகிலா இதில் எங்குமே வரவில்லை. எனக்கு டீ கொடுத்த பெண்ணுக்கு நான் கெடுதல் நினைக்கக்கூடியவன் அல்ல. சுவரோரமாக அவளாகப் போய் நின்றாள்.

கடைசியாக அதிகாரி கேட்டது சந்திரகலாவைப் பற்றி. அவளும் அகிலாவும் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தார்கள், மணிமாறன் உள்ளே நுழைவதற்குச் சற்று முன் நான் அவசரமாகப் போய் சந்திரகலாவை மட்டும் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டிவந்தேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். உண்மைதான். அவளுக்கு வெயில் ஆகாது, தலைவலி வந்துவிடும். அதில் வேறு எதுவும் இல்லை. அகிலாவும் கூடவே வரப் பார்த்தாள். “நீ இங்கயே நில்லும்மா, இங்கேருந்துதான் வட்டம் முழுசா போன்ல விழும்” என்று அவளிடம் நான்தான் சொன்னேன்.